டைவர்ட்: திரும்புவதும் திருப்புவதும்

மலேசியாவில் பண்டமாரான் பக்கம் சாலையைத் தோண்டினால் ஆரஞ்சு நிற மலாய்ப் பலகை ஒன்று முளைத்துவிடும்: ‘லென்ச்சோங்ஙான்’. ஆங்கிலத்தில் அது டைவர்ஷன். வினைச்சொல் டைவர்ட், இறந்தகாலத்தில் டைவர்ட்டட். அமெரிக்கர்கள் சாலைப் பலகையில் டீடூர் என்று எழுதுவார்கள்.

போகிற வழியிலிருந்து விலக்கித் திருப்புவதுதான் டைவர்ட். வாகனம், ஆறு, தொலைபேசி அழைப்பு, கவனம் எதையும் திருப்பலாம். ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தை வேறொன்றுக்குத் திருப்பினாலும் இதே சொல்தான். மனத்தைக் கவலையிலிருந்து திருப்புவதால் பொழுதுபோக்குக்கும் டைவர்ஷன் என்று பெயர். அந்தக் கணக்கில் இந்த வானொலி நிகழ்ச்சியும் ஒரு டைவர்ஷன்தான்! லத்தீனில் ‘வெர்டெரெ’ என்றால் திருப்புதல். கன்வர்ட், விளம்பரத்தைச் சொல்லும் அட்வர்டைஸ் எல்லாம் அதே வேரில் முளைத்தவை.

தானாகத் திரும்புவதையும் இன்னொன்றைத் திருப்புவதையும் பிரித்துக் காட்டத் தமிழுக்கு ஓர் எழுத்தே போதும்: வண்டி திரும்பும், போலீஸ்காரர் திருப்புவார். மலாயில் ‘மெலென்ச்சோங்’ என்றால் தானாக விலகுவது. பின்னால் ‘கான்’ சேர்ந்தால் விலக்கிவிடுவது. வயல் தண்ணீரைத் திருப்புவதற்கு நம் உழவர்கள் சொன்ன மடைமாற்றுதல், இன்று நிதியைத் திருப்புவதற்கும் வழங்குகிறது.

அடுத்த முறை அந்தப் பலகையைப் பார்த்தால், ஹார்ன் அடிக்காமல் அம்புக்குறி காட்டும் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.