தாடைச் சீரமைப்பு அலங்காரமன்று

தாடை முன்தள்ளியோ பின்வாங்கியோ இருப்பதால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தாமற் போவது தோற்றக் குறை மட்டுமன்று. மெல்லுவதும் உச்சரிப்பதும் பாதிக்கப்படுகின்றன. வளர்ச்சி நிறைவுற்ற பின்னர், பொதுவாக 18 வயதளவில், கம்பி கட்டிப் பற்களை ஒழுங்காக்கி, தாடையெலும்பை வெட்டி நகர்த்தி, டைட்டேனியத் தகடுகளால் பொருத்துவர். படைப்பை மாற்றலாமா எனத் தயங்குவோர் உளர். பிறவிக் குறையைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையை சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2007இல் அனுமதித்துள்ளது.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமே. ஆயினும் பாலாவியிலிருந்து கொழும்புக்கோ பேராதனைக்கோ பலமுறை செல்லும் பயணச் செலவும், இழக்கும் நாட்கூலியும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருஞ்சுமையாகும். வளரும் பருவத்திலேயே கண்டறிந்தால் சிலருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது. எனவே, திருமணப் பேச்சு எழும்வரை காத்திராது, பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலேயே பிள்ளைகளைக் காட்டுவது பெற்றோரின் கடமையாகும்.