திறக்காத கதவு!
துருப்பிடித்த தகடு சொல்லும் கதை

அமெரிக்காவில் ஒரு பண்ணை. அங்கே பழைய கொட்டகை ஒன்று. அதன் மூலையில் துருப்பிடித்த இரும்புத் தகடு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தால், ஏதோ பழைய காரின் பக்கத் தகடுபோல் இருக்கிறது. கதவின் கோடு நன்றாகத் தெரிகிறது. ஆனால் கீல் இல்லை. கைப்பிடி இல்லை. கதவு தனியாக வெட்டப்படவும் இல்லை!

இது என்ன கதவு? எந்தக் காரின் கதவு?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட புதிர்கள் அடிக்கடி வரும். விடை தெரியாவிட்டால், தகடு இரும்புக் கடைக்குப் போகும். உலையில் உருகிவிடும். தவறான விடை சொன்னாலும் நஷ்டம்தான். பணம் கொடுத்து வாங்கிய தகடு காரில் பொருந்தாது!

பொய்க் கதவு

அந்தத் தகடு, போர்டு கம்பெனியின் "மாடல் டி" காருடையது.

1908-ம் ஆண்டு முதல் 1927 வரை இந்தக் கார் தயாரானது. மொத்தம் 1½ கோடி கார்கள் விற்பனையாயின! 1908-ல் 850 டாலர் விலையில் வந்த கார் இது. 1925-ல், இரண்டு பேர் போகும் கார் 260 டாலருக்கே கிடைத்தது. சாதாரணக் குடும்பத்தையும் காரில் ஏற்றியது இதுதான்.

அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார். அவருக்கு இடது புறத்தில் கை பிரேக் நின்றது. அது வழியை மறித்ததால், அந்தப் பக்கம் கதவு வைக்கவில்லை. கதவுபோல் கோடு மட்டும் அழுத்தி விட்டார்கள்! டிரைவர் வலது பக்கம் ஏறி, நகர்ந்து வந்து உட்கார வேண்டும்.

1926-ம் ஆண்டு மாடலில்தான், திறந்த காரின் டிரைவருக்கும் கதவு திறந்தது.

கனடாவில் இரண்டு கதவு

கனடாவில் இருந்த போர்டு கம்பெனியின் கார் வேறு மாதிரி. அங்கு இரு பக்கமும் முன்கதவு திறக்கும்.

காரணம் என்ன? பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பல நாடுகளுக்குக் கார் அனுப்பியது கனடா கம்பெனிதான். அந்த நாடுகள் பலவற்றில் டிரைவருக்கு இடம் வலது பக்கம். இரண்டுக்கும் பொருந்தும்படி உடலைச் செய்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1926-ல் தொடங்கிய இந்தியப் போர்டு கம்பெனி, கனடா கம்பெனியின் கிளைதான்!

ஆகவே, 1926 மாடலுக்கு முந்தைய திறந்த கார் என்றால், டிரைவர் பக்கக் கதவு திறக்குமா திறக்காதா என்பது, கார் எந்த நாட்டில் பிறந்தது என்பதற்கு ஒரு துப்பு.

ஆணித் துளைகள்

வேறு துப்புகளும் உண்டு.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஆரம்ப கால மாடல் டி காரின் என்ஜின் மூடி அலுமினியத்தால் ஆனது. காந்தம் ஒட்டாது. பிறகு வந்தது இரும்பு. காந்தம் ஒட்டும்.

ரேடியேட்டர் பித்தளையா? 1916-ம் ஆண்டு மாடல் வரைதான் பித்தளை. 1917 மாடலில் கறுப்பு உறை வந்துவிட்டது.

ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றனவா? அவை ஆணித் துளைகள். அந்தக் காலத்தில் மரச் சட்டத்தின்மீது தகட்டை ஆணியால் அடித்தார்கள். மரம் மக்கிப் போகும். துளை மட்டும் மிஞ்சும்.

அந்தத் துளைகளை அளக்க வேண்டும். போர்டு காருக்குப் பல கம்பெனிகள் உடல் செய்து கொடுத்தன. ஒரே ஆண்டுக் காராக இருந்தாலும், ஒன்றின் தகடு மற்றொன்றில் சரியாகப் பொருந்தாது. போட்டோ மட்டும் போதாது. அளவு நாடா வேண்டும்!

அவசரம் வேண்டாம்

பழைய தகடு கிடைத்ததும் சிலர் உப்புத்தாளைக் கையில் எடுப்பார்கள். அது கூடாது. தேய்த்தால் பெயிண்ட் போய்விடும். 1914 முதல் 1925 வரை மாடல் டி கார்கள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தன. அடியில் இருக்கும் நிறமும் ஒரு சாட்சி. சாட்சியை அழிக்கலாமா?

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துத் தகடு ஏதாவது கிடக்கலாம். பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன், ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்!