சரியான எண் போதுமா? வேதியியல் வினா உருவாகும் விதம்

மூடிய கலம் ஒன்றில் 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் இருக்கின்றன. ஒரு தீப்பொறி அவற்றை வினைபுரிய வைத்தால் எத்தனை கிராம் நீர் உண்டாகும்? பதினோராம் வகுப்பு வேதியியலின் தொடக்கப் பாடங்களைப் படித்தவர்கள் போடக்கூடிய கணக்குதான் இது. இதற்கு 9, 18, 20, 36 என்று நான்கு விடைகள் தரப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 18. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு என்ற விகிதத்தில்தான் நீர் உருவாகிறது. கலத்தில் ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன்; எனவே ஒரு மோல் நீர், அதாவது 18 கிராம் கிடைக்கும், 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். ஆனால் இந்த வினாவின் உயிர் மற்ற மூன்று எண்களில்தான் இருக்கிறது. 20 என்று குறித்தவர் இரு எடைகளையும் வெறுமனே கூட்டியிருக்கிறார். பொருள்கள் விகிதப்படியே சேரும் என்பது அவர் மனதில் பதியவில்லை. 36 என்றவருக்கு மோல் கணக்கு தெரியும். ஆனால் எது முதலில் தீரும் என்று பார்க்காமல் ஹைட்ரஜனை மட்டும் வைத்துக் கணக்கிட்டுவிட்டார். 9 என்றவர் தீர்ந்துபோவது ஆக்சிஜன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தரும் என்பதைத்தான் விட்டுவிட்டார். மூன்று பேரும் தோற்றது ஒரே வினாவில்தான் என்றாலும் மூவருக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் வேறுவேறு.

இப்படிப் பார்த்தால், வேதியியல் வினா எழுதுவது தனித்த கைத்திறன் கோரும் வேலை என்பது புரியும். சரியான விடையைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். தவறான விடைகளைக் கண்டுபிடிக்கத்தான் மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்க வேண்டும். 18-க்குப் பக்கத்தில் 7, 11, 25 என்று வாய்க்கு வந்த எண்களை நிரப்பினால், யார் தவறினார் என்பது மட்டும் தெரியும். ஏன் தவறினார் என்பது தெரியாது. எழுதிய வினாவையும் சும்மா விடுவதில்லை. தேர்வு முடிந்ததும் அதை இரண்டு அளவுகளால் சோதிக்கிறார்கள். எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் சரியாகச் செய்தார்கள் என்பது வினாவின் கடினத்தைக் காட்டும். மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 சதவீதத்தினரும் கீழ் 27 சதவீதத்தினரும் அதே வினாவை எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிடுவது அதன் பிரித்தறியும் திறனைக் காட்டும். நன்றாகப் படித்தவர்கள் தவறவிட்டு, பின்தங்கியவர்கள் சரியாகச் செய்த வினா ஒன்று இருந்தால், குறை பெரும்பாலும் மாணவரிடம் இல்லை, வினாவில்தான் இருக்கிறது. தேர்வும் ஓர் அளவுகோல். அளப்பதற்கு முன்னும் பின்னும் அளவுகோலையே சரிபார்க்க வேண்டும்.

இந்தக் கைத்திறனை முறையாக வளர்த்த அமைப்புகளில் முன்னோடி அமெரிக்க வேதியியல் கழகம். கல்லூரிகளுக்குப் பொதுவான வேதியியல் தேர்வுகளை உருவாக்கும் பணியை அது 1930-களிலேயே தொடங்கிவிட்டது. அதன் வெளியீடுகளில் ஒன்றான டொலிடோ தேர்வு, கல்லூரியில் முதலாம் ஆண்டு வேதியியலுக்கு வரும் மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிவதற்கானது. 55 நிமிடம், 60 வினாக்கள். 20 வினாக்கள் கணிதம், 20 பொதுவான வேதியியல் அறிவு, 20 குறிப்பிட்ட வேதியியல் அறிவு. இந்தப் பிரிப்பில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. விகிதமும் அடுக்குக்குறியும் வராத மாணவரும், அணுவுக்கும் மூலக்கூறுக்கும் வேறுபாடு தெரியாத மாணவரும் ஒரு மோல் கணக்கில் ஒரே மாதிரி பூஜ்யம்தான் வாங்குவார்கள். இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் ஒருவருக்குக் கணிதப் பயிற்சி தேவை, மற்றவருக்கு வேதியியல் தேவை என்று சொல்ல முடியும். மொத்த மதிப்பெண் என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

ஆனாலும், எவ்வளவு கவனமாக வடித்தாலும் கணக்கு வினாவுக்கு ஓர் எல்லை உண்டு. தவறான விடை நமக்கு நிறையச் சொல்கிறது. சரியான விடை நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. 1987-ல் சூசன் நுரென்பெர்ன், மைல்ஸ் பிக்கரிங் என்ற இரு அமெரிக்க வேதியியல் ஆசிரியர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கல்லூரி மாணவர்களுக்கு வாயு விதிகளில் வழக்கமான கணக்குகளையும், அதே பொருளில் படம் பார்த்துச் சொல்லும் வினாக்களையும் அவர்கள் கொடுத்தார்கள். படவினாக்களில் ஒன்று இப்படிப்பட்டது: எஃகுத் தொட்டி ஒன்றில் 20 டிகிரி செல்சியஸில் 3 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் நிரம்பியிருக்கிறது, மூலக்கூறுகள் தொட்டி முழுவதும் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. வெப்பநிலையை மைனஸ் 20 டிகிரிக்குக் குறைத்தால் புள்ளிகள் எப்படி இருக்கும்? அந்தக் குளிரிலும் ஹைட்ரஜன் வாயுதான். எனவே புள்ளிகள் முன்போலவே தொட்டி முழுவதும் பரவியிருக்கும். அவற்றின் வேகம்தான் குறையும். அழுத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் 253-ஐ 293-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கி ஏறக்குறைய 2.6 என்று சொல்லிவிடலாம். அப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவர்களில் பலர் படத்தில் தடுமாறினார்கள். குளிர்ந்தால் சுருங்கும் என்ற நினைப்பில், இறுக மூடிய தொட்டிக்குள் புள்ளிகளை ஓரிடத்தில் குவித்துக் காட்டும் படம் சரியென்று தோன்றிவிடுகிறது. சூத்திரம் கைவசம் இருந்தது. வாயு என்றால் என்ன என்பது இல்லை.

இது ஒரு வகுப்பில் தற்செயலாக நேர்ந்தது அல்ல. 1990-ல் பார்பரா சாரி இன்னும் பெரிய மாணவர் குழுவில் இதே சோதனையைச் செய்தார். கணக்கில் முன்னணியில் நின்றவர்களும் கருத்து வினாக்களில் சறுக்கினார்கள். அதற்கு முன்பே, 1985-ல், வில்லியம் யாரோக் 14 உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சமன்பாடுகளைச் சமன்செய்யச் சொன்னார். எல்லோரும் செய்தார்கள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு முன்னால் 3 போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை வரைந்து காட்டச் சொன்னபோது, மூன்று தனித்தனி ஹைட்ரஜன் மூலக்கூறுகளை வரைவதற்குப் பதிலாக ஆறு அணுக்களை ஒரே கூட்டமாகச் சேர்த்து வரைந்தவர்கள் பலர். முன்னால் நிற்கும் 3-க்கும் கீழே நிற்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு வெறும் எண் விளையாட்டாகவே இருந்திருக்கிறது. இஸ்ரேலில் ரூத் பென்-ஸ்வி குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடியாழத்துக்குப் போனது. செம்புக் கம்பியை வளைக்கலாம், தட்டி நீட்டலாம். ஒற்றைச் செம்பு அணுவுக்கும் அந்தக் குணம் உண்டா? உண்டு என்று நம்பிய பள்ளி மாணவர்கள் ஏராளம். கோடானுகோடி அணுக்கள் கூடியிருக்கும் விதத்தால் வரும் குணத்தை ஒரே அணுவின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் தந்த விளக்கம் இன்றும் பயனுள்ளது. வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இயங்குகிறது என்றார் அவர். கண்ணால் பார்க்கும் தளம்: நிறம், நெருப்பு, வீழ்படிவு. கண்ணுக்கு எட்டாத தளம்: அணுக்கள், மூலக்கூறுகள், அயனிகள். எழுத்தும் எண்ணும் உள்ள தளம்: குறியீடு, சமன்பாடு, கணக்கு. தேர்ந்த வேதியியலாளர் இந்த மூன்றுக்கும் இடையே தன்னையறியாமல் போய்வருகிறார். தொடக்க மாணவருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் தலைமேல் விழுகின்றன. மனதின் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் சில செய்திகளுக்குத்தான் இடமுண்டு. ஒரு கணக்கின் படிகள் ஐந்து, ஆறைத் தாண்டும்போது சரியாகச் செய்பவர்களின் விகிதம் சட்டென்று சரிவதை ஜான்ஸ்டனும் அவருடைய சகாக்களும் 1980-களில் காட்டினார்கள். அந்த நெருக்கடியில் மாணவர் மூன்றாவது தளத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார். ஏனென்றால் மதிப்பெண் கிடைப்பது அங்கேதான். இதை மாணவரின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். நாம் எதை அளக்கிறோமோ அதைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார்.

படவினா ஆய்வுகளுக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. புள்ளிப் படங்கள் மாணவருக்குப் பழக்கமில்லாதவை. பழக்கமில்லாத வடிவில் கேட்டால் யாரும் தடுமாறத்தான் செய்வார்கள். அதை வைத்துப் புரிதல் இல்லை என்று தீர்ப்பெழுதலாமா என்பது அது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. படவினாவைத் தேர்வில் முதன்முதலாகக் காட்டுவது முறையல்ல. வகுப்பிலேயே பழக்க வேண்டும். ஆனால் பழக்கமின்மை மட்டுமே காரணம் என்றால் தவறுகள் நாலா பக்கமும் சிதறியிருக்க வேண்டும். மாறாக, ஒரே மாதிரியான தவறுகள் வெவ்வேறு நாடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. படமே இல்லாத வினாக்களிலும் அவை தலைகாட்டுகின்றன. கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். காற்று என்றும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். அது நீராவி, நீர் மூலக்கூறு உடைவதில்லை, மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அப்படியானால் கணக்கைக் குறைத்து, கருத்தை மட்டும் கேட்டால் போதாதா? போதாது. 10,000 லிட்டர் குடிநீர்த் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும் குளோரின் 20 கிராம். கையில் இருக்கும் பிளீச்சிங் பவுடரில் பயன்படும் குளோரின் 25 சதவீதம் என்றால் 80 கிராம் போட வேண்டும். சதவீதத்தை மறந்து 20 கிராம் போட்டால் மருந்து நான்கில் ஒரு பங்குதான். தசமப்புள்ளி ஓரிடம் தள்ளிப்போய் 800 கிராம் போட்டால் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குளோரின் கிருமிகளை எப்படிக் கொல்கிறது என்ற தெளிவு இந்தப் பிழையிலிருந்து யாரையும் காப்பாற்றாது. மருந்தகத்திலும் தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் எண்ணும் அலகும்தான் வேலையைச் செய்கின்றன. ஆகவே இரண்டு திறன்களும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது என்பதும், ஒன்றின் மதிப்பெண்ணை மற்றதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும்தான் மேலே கண்ட சான்றுகளின் சாரம்.

இதெல்லாம் சிறு வகுப்புகளுக்குச் சரி, லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் நடக்குமா என்று கேட்பார்கள். நீட் போன்ற தேர்வில் விடைத்தாளை இயந்திரம்தான் திருத்த முடியும். கொள்குறி வினாவைத் தவிர வழியில்லை என்பார்கள். கொள்குறி வினாவுக்கு உள்ள குறை உண்மையானது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. வினாவைப் படிக்காமலே நான்கு வினாக்களைக் குறிப்பவர் சராசரியாக ஒன்றில் 4 பெற்று மூன்றில் 3 இழப்பார். 1 மதிப்பெண் மிச்சம். எனவே மைனஸ் மதிப்பெண் மட்டும் ஊகத்தை முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் கொள்குறி வடிவத்துக்குள்ளேயே ஆழமாகக் கேட்க வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிரெகஸ்ட் 1988-ல் இரண்டு அடுக்கு வினா முறையை விளக்கினார். முதல் அடுக்கு விடையைக் கேட்கும், இரண்டாவது அடுக்கு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இரண்டும் சரியாக இருந்தால்தான் புரிதல்.

மல்ஃபோர்டும் ராபின்சனும் 2002-ல் வெளியிட்ட 22 வினாக்கள் கொண்ட கருத்துச் சோதனையில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. காற்றை வெளியேற்றிவிட்டு மூடிய குழாயில் 1 கிராம் திண்ம அயோடின். குழாயும் அயோடினும் சேர்ந்து 27 கிராம். அயோடின் முழுவதும் ஆவியாகும்வரை சூடாக்கினால் மொத்த எடை எவ்வளவு? 27 கிராமேதான். 26 என்பவர் ஆவிக்கு எடையே இல்லை என்று எண்ணுகிறார். அடுத்த வினா காரணத்தைக் கேட்பதால், 27 என்று ஊகித்தவரும் பிடிபடுவார். கணக்கே இல்லாத இந்த வினாவைப் பொருண்மை அழியாமை விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் தவறவிடலாம். அமெரிக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் இந்தச் சோதனையை நடத்தியபோது, சராசரி முதலில் 45 சதவீத அளவில் இருந்தது. ஒரு பருவம் வேதியியல் படித்த பிறகு 50 சதவீத அளவுக்கே ஏறியது. பாடம் நடந்தது, தேர்ச்சியும் நடந்தது. பழைய எண்ணங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரே பாடப்பொருளில் ஒரு கணக்கையும் ஒரு கருத்து வினாவையும் சேர்த்தே கேட்கும் இணைவினாத் தேர்வை அமெரிக்க வேதியியல் கழகம் பின்னர் வெளியிட்டது. அதையும் இயந்திரமே திருத்தலாம். எனவே தடை தொழில்நுட்பத்தில் இல்லை.

இந்த மாற்றத்துக்காகப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தொடக்கத்தில் பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் நீர் என்று கேட்டபின், வினை முடிந்த கலத்தில் எந்தெந்த மூலக்கூறுகள் என்ன விகிதத்தில் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு மோல் நீர், ஒரு மோல் ஹைட்ரஜன். ஆகவே ஒரு நீர் மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஆக்சிஜன் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு 18 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். பள்ளி ஆசிரியர் தம் மாதத்தேர்வில் ஒவ்வொரு கணக்குக்கும் இப்படி ஒரு துணைவினாவை வைக்கலாம். பொதுத்தேர்வு வினாத்தாள் அமைப்பவர்கள் சில வினாக்களையாவது இப்படி இணைத்துத் தரலாம். மாணவர் தேர்வுக்காகத்தான் படிக்கிறார் என்று நாம் வருந்துகிறோம். அப்படியே இருக்கட்டும், அவர் எதற்காகப் படிக்கிறாரோ அந்தத் தேர்வை, எண்ணையும் மூலக்கூறையும் சேர்த்துக் கேட்கும் தேர்வாக மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.