நாலரை மணி பிரஸ்மீட்டும் முப்பது கிலோ தங்கமும்

மக்களே, இந்த செமஸ்டர் பேப்பருக்கு ஒரு வில்லங்கமான தலைப்பு எடுத்துட்டேன்: புகாரில் மாட்டின தலைவர்கள் பேசியே எப்படிப் பேரை மீட்கறாங்க? ஷார்ஜாவுல என் ரூம்மேட் ஒரு மலையாளி சேட்டன். கேட்டதுமே, "எங்க ஆளைத்தானே எழுதப் போற?"ன்னார். ஆமா சேட்டா, மன்னிக்கணும்.

2020 ஜூலை 5. திருவனந்தபுரம் விமான நிலையத்துல, அங்கிருந்த அமீரகத் துணைத் தூதரகத்துக்கு வந்த பார்சல்ல 30 கிலோ தங்கம் பிடிபட்டது. ரெண்டே நாள்ல முதல்வர் பினராயி விஜயனோட முதன்மைச் செயலர் சிவசங்கர் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 28-ல அமலாக்கத்துறை அவரைக் கைது செஞ்சது.

வில்லியம் பெனாய்ட்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், கெட்ட பேரைத் துடைக்க அஞ்சு வழின்னு 1995-ல புத்தகம் போட்டார். மறுக்கறதுல ஆரம்பிச்சு மன்னிப்பு கேக்கறதுல முடியும். நம்ம ஊர்ல அந்த அஞ்சாவதைப் பார்க்கறது அபூர்வம். 1996-ல தோத்த ஜெயலலிதா பல வருஷம் நகையில்லாமலே மேடையேறினாங்க. வாயால ஒரு வார்த்தை சொல்லாத விளக்கம் அது!

பினராயியும் மன்னிப்பு கேக்கல. மத்திய அமைப்புகள் விசாரிக்கட்டும்னு அவரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதிகாரி வேற, அரசு வேறன்னார். விசாரணை தன் அலுவலகத்தை நெருங்கினதும் அதே அமைப்புகள் எல்லை மீறுதுன்னு பேச்சு திரும்பிச்சு. கேள்வி "தங்கம் யாருது"ங்கறதுலேர்ந்து "கேரளாவை டெல்லி மிரட்டலாமா"ன்னு மாறிடுச்சு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனா எனக்கு உறுத்துது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே? 2021 தேர்தல்ல 140-க்கு 99 இடம். கேரளாவுல ஆளுங்கட்சியே திரும்பி வந்தது நாலு பத்தாண்டுல அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் சேட்டன்கிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்:

"2020-ல விமானம் இல்ல, இதே ரூம்ல அடைஞ்சு கிடந்தேன். அங்க சாயங்காலம் ஆறு, இங்க நாலரை. அவர் உக்காந்து கொரோனா கணக்கு வாசிப்பார். ஹாட்ஸ்பாட் லிஸ்ட்ல அம்மா இருக்கற பஞ்சாயத்து பேர் வருதான்னு பார்ப்பேன். அந்த நேரத்துல எனக்கு எதுக்குடா தங்கம்?"

பெனாய்ட் இதுக்கும் பேர் வச்சிருக்கார் சேட்டா, 'நல்லதை முன்னிறுத்தல்'னேன்.

முறைச்சார். அன்னிக்கு டீ நான்தான் போட்டேன்.