பருப்பு வேகாத தண்ணீர்

சென்னை மண்ணடியில் எனக்கு உறவான குடும்பம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டிற்குக் காவிரிக் கரையோரத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் மருமகளாக வந்தாள். மூன்றாம் மாதமே புகார்கள் கிளம்பின. பெண்ணுக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியவில்லை. எரிவாயு சிலிண்டர் முன்னைவிட விரைவில் தீர்ந்துவிடுகிறது. சோப்புக் கட்டிகள் கரைந்தோடுகின்றன. மாமியாரின் வெள்ளைத் துப்பட்டி சாம்பல் பூத்துவிட்டது. மாமியார் எனக்கு லாத்தா முறை. “தம்பி, பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்பிச் சிறிது காலம் வேலை பழகி வரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்” என்றார் என்னிடம். அச்சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் ஒளுச் செய்வதற்காகக் குழாயடிக்குச் சென்றேன். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் காரை படிந்திருந்தது. வாளியின் உட்புறத்திலும் அதே படலம். திருமணத்திற்கு ஒரு மாதம் முன்புதான் அவர்கள் பழைய ஓட்டு வீட்டை விட்டு இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவிற்கு வந்தது. பழைய வீட்டில் குடிநீர் வாரியத்தின் தண்ணீர். இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். புது வீடும் புது மருமகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்ததால், வீட்டின் குற்றம் பெண்ணின் தலையில் விழுந்துவிட்டது. “லாத்தா, முதலில் ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் வாங்கிவந்து, நீங்களே உங்கள் கையால் பருப்பை வேகவைத்துப் பாருங்கள். அதன்பின் இந்தக் குழாய்த் தண்ணீரிலும் நீங்களே வேகவைத்துப் பாருங்கள்” என்றேன். ஒரு பானைப் பருப்பு மலர்ந்து குழைந்தது; மற்றது விதை விதையாகவே நின்றது. அன்றிரவு லாத்தா எதுவும் பேசவில்லை.

மழைநீர் நிலத்தினுள் இறங்குகையில் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. இவை மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். கால்சியம் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது, அதனால்தான் வேகுவதில்லை. சோப்போடு சேரும்போது தயிர்த் திரிதலைப்போல் கரையாத கசடாகி, நுரையைக் கெடுத்துத் துணியில் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைத் துணி சாம்பல் நிறமாவது இக்கசடினாலேயே. தேநீரின் மேல் மினுமினுக்கும் ஆடையும் இதே வழியில் உண்டாவதுதான்.

சென்னையின் தண்ணீர்க் கதை பழையது. கோட்டையிலிருந்த கும்பினியாருக்குக் குடிநீர் தருவதற்காக 1772-ல் ஏழு கிணறுகள் அமைக்கப்பட்டன. மண்ணடிக்கு அருகே ஏழுகிணறு என்ற பகுதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. நூறு ஆண்டுகள் கழித்துச் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது. பின்னர் பூண்டியும், 2004-ல் வீராணமும், 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் சேர்ந்தன. ஏரி நீர் நிலத்தடி நீரைக் காட்டிலும் பெரும்பாலும் மென்மையானது. ஆனால் வாரியத் தண்ணீர் போதாத வீடுகளெல்லாம் பூமியைத் துளைக்கின்றன. கடலோரத்தில் அளவின்றி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே புகுந்து, கடினத்தோடு உப்பும் சேர்ந்துவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இத்தண்ணீர் நஞ்சா? இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டு இதற்கு உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. சிறுநீரகக் கல் குழாய்த் தண்ணீரால் வருகிறது என்று அஞ்சுவோர் மிகப் பலர். நம் வெப்பத்தில் போதிய தண்ணீர் குடிக்காதிருப்பதே கல்லுக்குப் பெரிய காரணம். கல் உள்ளவர்கள் மருத்துவர் சொற்படி நடக்கட்டும். ஏனையோர் அச்சத்தால் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டாம். குழந்தைகளின் தோல் கரப்பான் நீரை மென்மையாக்கினால் தணியுமா என்று இங்கிலாந்தில் 336 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். அதனால் தனிப் பயன் எதுவும் காணப்படவில்லை.

இவ்வச்சத்தை வைத்தே வாசலுக்கு வியாபாரிகள் வருகிறார்கள். இரு கிண்ணங்களில் நீர் ஊற்றி, இரும்புக் கம்பிகளை நுழைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். உங்கள் வீட்டு நீர் செம்பழுப்புக் குழம்பாகும். அவர்களுடைய நீர் தெளிவாக நிற்கும். “பார்த்தீர்களா, இத்தனை அழுக்கைக் குடிக்கிறீர்கள்!” என்பார்கள். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள நீரில் மின்சாரம் ஓடுகிறது, உப்பில்லாத நீரில் ஓடுவதில்லை, அவ்வளவே செய்தி. அவர்களுடைய தெளிந்த நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுக்கும். அவர்கள் கையிலுள்ள டி.டி.எஸ். கருவியும் கரைந்த பொருள்களின் மொத்த அளவைக் காட்டுமேயன்றி, கடினத்தையோ கிருமியையோ தனியே காட்டாது. ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொண்டு, உப்பு மிகுந்திருந்தால் மட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குங்கள்.

வாங்கியவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவும் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். அது இன்றைய கணக்கில் ஒரு லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். ஆக நான்கு பேர் ஒளுச் செய்யத்தக்க நீர் ஒவ்வொரு லிட்டருக்கும் வீணாகிறது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது ஆகும். செடிகளுக்கு மட்டும் வேண்டாம். உப்பு மண்ணில் தங்கிவிடும். ‘இக்குழாய்த் தண்ணீரில் ஒளுக் கூடுமா?’ என்று சகோதரிகள் சிலர் கேட்டதுண்டு. பூமியில் தங்கியிருந்ததால் ஏறிய சுவையும் உப்பும் நீரின் தூய்மையைப் போக்குவதில்லை, தாராளமாகக் கூடும்.

இனி அடுக்களைக்கு வருவோம். பருப்புக்கும் தேநீருக்கும் மட்டும் நல்ல தண்ணீரை ஒதுக்கினால் போதும். பருப்பை முன்னதாக ஊறவைத்து, வெந்தபின்பே புளியைச் சேருங்கள். சமையல் சோடா வேகச்செய்யும். ஆனால் பருப்பிலுள்ள பி வைட்டமினை அழித்துவிடும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தைப் போக்கா. கொதிக்க வைத்தால் கடினத்தின் ஒரு பகுதி அடியில் படியும். கடலோரத்து உப்பினால் வந்த கடினம் அதற்கும் அசையாது. துவைக்கும்போது வாளித் தண்ணீரில் முதலில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கலந்து சிறிது நேரம் விட்டுப் பின் சோப்பைப் போடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. தலைக்குக் குளிக்கக் கட்டிச் சோப்பைக் காட்டிலும் சீயக்காய் நல்லது. வெந்நீர்க் கொதிகலனை அளவுக்கு மீறிச் சூடேற்றாதீர்கள். சூடு ஏற ஏறக் கம்பியில் காரை தடிக்கும், மின்கட்டணமும் கூடும்.

குழாயில் படிந்த காரைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் இளகிவிடும். கடைகளில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டை வாங்கி மூடிய குளியலறையில் ஊற்றுகிற சகோதரிகளை எண்ணி நான் கவலைப்படுகிறேன். அது கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். அத்தோடு பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும், உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள்.

மென்மையிலும் மென்மையான நீர் வானிலிருந்து விழுகிறது. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். 2003-ல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அக்குழிகள் இன்று சேறடைந்து கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன் கூழாங்கல்லை அள்ளிக் கழுவிப் போடுங்கள். எங்கள் லாத்தா வீட்டில் அடுக்குமாடிக்காரர்கள் கூடி இதைச் செய்திருக்கிறார்கள். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையை வெள்ளைத் துணியில் வடிகட்டி இரண்டு குடங்களில் பிடித்துவைப்பது மருமகளின் வேலை. ஒரு குடம் மாமியாரின் துப்பட்டியைக் கடைசியாக அலச, மற்றொன்று பருப்புக்கு.