ஹெட்லைட்டுக்கு அந்தப் பக்கம் யாரு?

‘‘மச்சி, பத்தரைக்குள்ள வீட்டுல இருப்பேன்டா!’’

இப்படிச் சொல்லிட்டு உத்திரமேரூர்ல இருந்து பைக்கைக் கிளப்பின நண்பன், பத்தரை மணிக்கு இருந்த இடம், புக்கத்துறை ரோட்டோரப் பள்ளம். காறை எலும்பு முறிவு, முட்டியில ஏழு தையல், செமஸ்டர் லேப் எக்ஸாம் அம்பேல்! அவன் குடிக்கலை, செல்போன் பேசலை, எதிர்ல லாரியும் வரலை. குறுக்கே வந்தது ஒரு காட்டுப்பன்றி. கரெக்டா சொல்லணும்னா, ரெண்டாவது காட்டுப்பன்றி.

முதல் பன்றி ரோட்டைத் தாண்டினதை அவன் பார்த்திருக்கான். ஸ்பீடையும் குறைச்சிருக்கான். ‘அப்பாடா, போயிடுச்சு’ன்னு மறுபடி முறுக்கினான் பாருங்க, அங்கேதான் விழுந்தான். ஆஸ்பத்திரியில இந்தக் கதையைக் கேட்ட பக்கத்து பெட் பெரியவர், கரும்பு விவசாயி, வலியோட வலியா சிரிச்சுட்டார். ‘‘ஒத்தையா எங்க தம்பி வரும்? முன்னாடி பெருசு போவும், பின்னாடியே குட்டிங்க வரிசையா வரும். மொத்தமும் போற வரைக்கும் நிக்கணும். எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியுமே!’’ இன்ஜினீயரிங் படிக்கிற எங்க யாருக்கும் தெரியலை.

‘நைட் ரைடு, காட்டு விலங்கு’ன்னாலே நமக்கு முதுமலையும் பந்திப்பூரும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே யானை, புலி! பந்திப்பூர் வழியா போற ரோடுகள்ல ராத்திரி 9 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் 2009-லயே தடை போட்டாங்க. சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலயும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10-ல இருந்து ராத்திரிக் கட்டுப்பாடு வந்துச்சு. செக்போஸ்ட், எச்சரிக்கை போர்டு எல்லாம் உண்டு. அங்கே போறவன் பயந்துக்கிட்டே போவான். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து வயல்காட்டு ரோட்டுல செக்போஸ்ட்டும் இல்லை, யானையும் இல்லை. அதனால பயமும் இல்லை. பிரச்னையே அதுதான்.

உத்திரமேரூர்னா எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வாங்க. பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. அதுல ‘ஏரி வாரியம்’னு ஏரியைக் கவனிக்கத் தனியா ஒரு குழு வரும். அவ்வளவு காலமா இது ஏரி, வயல், புதர் இருக்கிற பூமி. தார் ரோடு நேத்து வந்தது. பகல் முழுக்க கரும்புக்குள்ளயும் புதருக்குள்ளயும் படுத்துக் கிடக்கிற பன்றி, ராத்திரியானா வேர்க்கடலையைத் தோண்டக் கிளம்பும். முயல், நரி, காட்டுப்பூனை, மரநாய் எல்லாத்துக்கும் அப்பதான் டியூட்டி டைம். நமக்கு ரோடு நீளவாக்குல போகுது, அதுங்களுக்குக் குறுக்குவாக்குல போகுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ கொஞ்சம் கணக்கு (ஓடாதீங்க, ரெண்டே பாரா). 60 கி.மீ. வேகத்துல போறீங்கன்னா, ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுறீங்க. ‘அட, என்னமோ நிக்குது’ன்னு மூளைக்கு உறைச்சு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்டு வைங்க. அதுக்குள்ளயே 25 மீட்டர் போயாச்சு. பிரேக் பிடிச்சு வண்டி நிக்க, நல்ல காய்ஞ்ச ரோட்டுல இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48. ஆனா, நம்ம சாதாரண பைக்கோட லோ பீம், உருப்படியா காட்டுறது 30, 40 மீட்டர்தான். அதாவது, ஹெட்லைட்டுல பன்றி தெரியுறப்பவே நீங்க இடிச்சாச்சு! இடி சத்தம் கேட்கத்தான் பாக்கி.

அதே கணக்கு 40 கி.மீ.ல 27 மீட்டர். 80-ல 75 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தூரம் நாலு மடங்கு ஆகும்னு பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல மார்க் வாங்கினதோட மறந்துட்டோம். எதிர்ல ஒரு கார் ஹை பீம் அடிச்சுட்டுப் போனா, அதுக்கப்புறம் சில செகண்டு நமக்குக் கண்ணே கிடையாது. அப்போ 40-ம் அதிகம்தான்.

‘‘மிருகங்க கண்ணு ராத்திரியில மின்னுமே, தூரத்துலயே தெரியுமே!’’ன்னு நானும் நண்பன்கிட்ட அறிவாளித்தனமா கேட்டேன். அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மாடு, மான், நாய், பூனைக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு இருக்கு. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புறது அதுதான். பன்றிக்கு அந்த அடுக்கே கிடையாது பாஸ்! மனுஷனுக்கும் கிடையாது. கறுப்பு ரோடு, கறுப்பு உடம்பு, மின்னாத கண்ணு. வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். ஒரு ஸ்ப்ளெண்டர் வண்டியோட எடையும் ஏறக்குறைய அதேதான். அதுவும் உங்க முன் சக்கர உயரத்துல வந்து நிக்கும். வண்டி அங்கேயே நின்னுடும், நாம மட்டும் பயணத்தைத் தொடர்வோம்.

மின்னுற கண்ணை நம்புறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. ராத்திரி ரோட்டு நடுவுல சின்னதா ஒரு நெருப்புப்பொறி மாதிரி தெரிஞ்சா, அது பெரும்பாலும் பக்கி. (நம்மளை வீட்டுல திட்டுற பக்கி இல்லீங்க, நிஜமாவே அப்படி ஒரு பறவை இருக்கு!) தரையில உட்கார்ந்து பூச்சி பிடிக்கிற ராத்திரிப் பறவை. கடைசி நொடி வரைக்கும் அசையாம இருந்துட்டு முகத்துக்கு நேரா எழும்பும். பதறிப்போய் ஹேண்டில்பாரை ஒடிச்சா, பறவை தப்பிச்சுடும், நாம புளியமரத்துல. விலங்கு சின்னதோ பெருசோ, வண்டியை நேரா வெச்சு ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்துறதுதான் வழி.

அதைவிடச் சின்ன எதிரி, பூச்சி. மழை பெய்ஞ்ச சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்க, ஈசல் மேகம் மாதிரி நிக்கும். 60-ல வர்ற கண்ணுக்கு ஒரு ஈசலே கல்லு. கண்ணு தானா மூடிக்கும், கை தானா முகத்துக்குப் போகும். வைசரை இறக்கிவிட்டா போச்சு. ஆனா, ஸ்டைலுக்குப் போட்ட கறுப்பு வைசரா இருந்தா ராத்திரியில எப்படி இறக்குவீங்க? வெள்ளை வைசர் மாத்திக்கோங்க. ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல வெச்சு ஓட்டுற வீரர்களுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

பாம்பு விஷயத்துல, ஓடுற வண்டியைவிட நிக்கிற வண்டிதான் ஆபத்து. பகல்ல சூடான தார் ரோடு ராத்திரியிலயும் கதகதன்னு இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பாம்பு வந்து படுக்கும். நாமளோ செருப்புக் காலோட ஓரங்கட்டி, ‘ஒரு நிமிஷம் மச்சி’ன்னு புல்லுக்குள்ள இறங்குவோம். டார்ச் அடிக்காம இறங்காதீங்க. இந்தியாவுல 2000-ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு 2020-ல வெளியான ஆய்வு சொல்லுது. வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர். கடிச்ச இடத்தைக் கீறுறது, வாயால உறிஞ்சுறது, கயிறு போட்டு இறுக்குறது எல்லாம் சினிமாவோட இருக்கட்டும். காலை அசைக்காம 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து வேலை செய்யுற ஒரே விஷமுறிவு மருந்து இருக்கு. அதுக்கான விஷம் பெரும்பாலும் எங்கேயிருந்து போகுது தெரியுமா? முன்னாடி நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்து, 2019-ல செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன வடநெம்மேலியில, இருளர்கள் 1978-ல ஆரம்பிச்ச பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துல இருந்து. அந்தச் சமூகத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

நண்பன் கதையில இன்னும் ஒரு சீன் பாக்கி. அவன் பள்ளத்துல கிடந்தப்போ வண்டியை நிறுத்தின ரெண்டு பேர்ல ஒருத்தர், ‘பன்னி செத்துடுச்சா?’ன்னுதான் முதல்ல கேட்டாராம்! சாகலை, எழுந்து ஓடிடுச்சு. செத்திருந்தாலும் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசாங்கச் சொத்து. கறிக்குத் தூக்கிட்டுப் போனா கேஸ். வனத்துறைக்கோ போலீஸுக்கோ சொல்லணும். இன்னொருத்தர் நல்லவர். 108-க்கு போன் பண்ணிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தன்னோட வண்டி லைட்டை ரோட்டைப் பார்த்து எரியவிட்டுக் காவலுக்கு நின்னார். இல்லைன்னா பின்னாடி வர்றவன் ஹெட்லைட்டுல நண்பனும் இன்னொரு காட்டுப்பன்றியாத்தான் தெரிஞ்சிருப்பான்.

எலும்பு கூடி, போன மாசம்தான் அவன் மறுபடி வண்டியை எடுத்தான். அதே ரோடு, ராத்திரி ஒன்பதரை மணி, பின் சீட்ல நான். ஸ்பீடாமீட்டர் முள்ளு 40-ஐத் தாண்டலை. ஒரு திருப்பத்துல முயல் ஒண்ணு குறுக்கே ஓடுச்சு. அவன் நிறுத்திட்டான். ‘‘போயிடுச்சுடா, கிளம்பு’’ன்னேன். ‘‘இரு, இன்னொண்ணு வரும்’’னு காத்திருந்தான். வரலை. பின்னாடி இருந்து டிவிஎஸ் எக்ஸெல்ல பால் கேனோட வந்த ஒரு தாத்தா, ‘‘இன்னாப்பா, பெட்ரோல் தீந்துபோச்சா?’’ன்னு கேட்டுட்டு எங்களை ஓவர்டேக் பண்ணிப் போனார்.