மரத்துப்போகும் மருந்தில் மடியும் கிருமிகள்!
“கிருமி இல்லை” என்று ரிப்போர்ட் வந்தால் போதுமா?

செம்பாக்கத்துக்காரர்களிடம் தாம்பரம் சானடோரியம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. 1928ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி அது. ரெயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான்.

காசநோய் சந்தேகம் என்றால் முதலில் சளியைச் சோதிப்பார்கள். சளியே வராதவருக்கு? தொண்டை வழியாக நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் விட்டு, உப்புநீர் செலுத்தி, உறிஞ்சி எடுத்துச் சோதிப்பது உண்டு. குழாய் இறங்கும்போது இருமல் வராதிருக்க, ‘லிக்னோகெயின்’ என்ற மருந்தைத் தெளித்து மரத்துப்போகச் செய்வார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே மருந்துதான்!

இங்கேதான் சிக்கல். வலியை அடக்கும் இந்த மருந்து கிருமியையும் அடக்கும்!

எப்படி?

லிக்னோகெயினை 1943ல் உருவாக்கியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி லோஃப்கிரென். நரம்பு வழியாக வலிச் சேதி போகாமல் தடுப்பது இதன் வேலை. ஆனால், பல கிருமிகளின் மேல்தோல் போன்ற சவ்வையும் இது கெடுக்கிறது. உள்ளே இருப்பது வெளியே கசிகிறது. கிருமி வளராது, மருந்தின் அளவு கூடினால் செத்தும் போகும். எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி மடிவதில்லை.

தொண்டைக்குத் தெளிக்கும் மருந்து கிருமிச் சோதனையின் முடிவை மாற்றிவிடலாம் என்று 1962லேயே அமெரிக்க மருத்துவ இதழில் கோன்டே, லாஃபோரே என்ற இருவர் எழுதினார்கள்.

ஆபத்து எதில்?

எடுத்த நீரில் மருந்து கலந்திருந்தால், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளராமல் போகலாம். நோய் உள்ளே இருக்கும். ரிப்போர்ட்டோ “இல்லை” என்கும். வீட்டில் குழந்தை குட்டிகள் இருந்தால் கதி என்ன?

அதனால்தான் மருந்தைக் குறைவாகத் தெளிப்பதும், ஒரே சோதனையை நம்பாமல் எக்ஸ்ரேயும் மரபணுச் சோதனையும் சேர்த்துப் பார்ப்பதும் நல்லது. மரபணுச் சோதனைக்குக் கிருமி வளர வேண்டியதில்லை.

“கிருமியைக் கொல்லுமாமே, புண்ணுக்குத் தடவலாமா?” என்று கேட்காதீர்கள்! கிருமிக்கொல்லி மருந்துக்கு இது ஈடாகாது. அளவு மீறினால் வலிப்பு வரும், இதயமும் நின்றுபோகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைக் கொடுத்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். “ஒன்றுமில்லை” என்று வந்தும் இருமல் நிற்கவில்லையா? ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாமல், மறுபடி டாக்டரிடம் போங்கள்!